ஓய்வில் இருப்பவரே நடுவர்

ஞாயிறு மாலைகளில் கேரம் ஆடும் குழு ஒன்றில் நானும் ஓர் உறுப்பினன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது: தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். புதிதாகச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் ஆடியதெல்லாம் தோற்றான். ஆடியதைவிடக் கணக்கு எழுதியதே அதிகம். நான்காவது வாரம் அவன் வரவில்லை. நன்றாக ஆடுகிற நாங்கள் பென்சிலைத் தொட்டதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

நடுவர் வேலை சலிப்பானது. ஆனால் அது இல்லாமல் முடியாது. ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. 22 புள்ளியை எட்டியவருக்கு அதுவும் கிடையாது. எழுதி வைக்க ஆளில்லையென்றால் சண்டைதான் மிஞ்சும்.

ரயில்வேயில் யாருக்கு என்று வேலை, என்று ஓய்வு என ரோஸ்டர் போட்டு முன்கூட்டியே சுவரில் ஒட்டிவிடுவோம். அதையே இங்கும் செய்தேன்.

நாங்கள் 7 பேர். சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் எண் கொடுத்தோம். செயலாளருக்கும் விலக்கில்லை.

முதல் சுற்று: 2-7, 3-6, 4-5. ஓய்வு 1.
இரண்டாம் சுற்று: 3-1, 4-7, 5-6. ஓய்வு 2.
மூன்றாம் சுற்று: 4-2, 5-1, 6-7. ஓய்வு 3.

ஒவ்வொரு சுற்றிலும் எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்ட வேண்டும். 7-க்கு அடுத்தது 1. ஏழு சுற்றில் 21 ஆட்டங்கள். ஒவ்வொருவரும் மற்ற அறுவருடனும் ஒரு முறை ஆடுவார். ஒரே ஒரு சுற்றில் ஓய்வு. அந்தச் சுற்றில் மூன்று பலகைகளுக்கும் அவரே நடுவர். ஓய்வு என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது!

8 பேர் என்றால் எட்டாமவரை ஓய்வில் இருப்பவரோடு ஆட விடுங்கள். அப்போது யாருக்கும் ஓய்வு இராது. ஆகவே சுற்றை இரண்டாகப் பிரித்து, இரண்டு பலகைகள் ஆடும்போது மற்ற நால்வரும் கணக்கு எழுதலாம். பிறகு இடம் மாறலாம்.

மாணவனுக்குச் சொல்லி அனுப்பினோம், வந்தான். மூன்றாம் சுற்றில் அவன் ஆட, எங்கள் சாம்பியன் கணக்கு எழுதினார்.

5 பேருக்கான அட்டவணையை வாசகர்களே போட்டுப் பாருங்கள். முதல் சுற்று: 2-5, 3-4. ஓய்வு 1.