4294967295: பென் டிரைவை நிறுத்தும் எண்

திருமண வீடியோ ஒன்றை 16 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்கிறீர்கள். டிரைவ் முழுவதும் காலி. வீடியோ பைலின் அளவு 5 ஜிபி தான். ஆனாலும் பைல் மிகப் பெரியதாக இருக்கிறது என்று செய்தி கொடுத்து விண்டோஸ் நின்றுவிடுகிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதோ எனப் பயப்பட வேண்டாம். தடுப்பது ஓர் எண். 4294967295, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295.

பல பென் டிரைவ்கள் பேட்32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. இதில் ஒரு பைலின் அளவைக் குறித்து வைக்க 4 பைட், அதாவது 32 பிட் இடம் மட்டுமே உண்டு. ஒரு பிட்டில் 0 அல்லது 1 தான் எழுதலாம். 32 இடங்களிலும் 1 எழுதினால் கிடைப்பதுதான் நம் எண். ஒரு பைட் கூடினாலும் 33 ஆவது இடம் தேவைப்படும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999க்குப் பின் 00000 என்று திரும்புமே, அதே சிக்கல்தான்.

இதனைச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதனைக் கிளிக் செய்திடவும். 4294967295 என டைப் செய்தால், பின் என்ற வரியில் வரிசையாக 32 ஒன்றுகள் கிடைக்கும்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த எண் ஒரு விருந்து. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள். இதே எண் வரும். ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றும் 2, 4, 16, 256, 65536 என்பவற்றுடன் 1 கூட்டியது. 17 பக்கங்கள் சமமாக உள்ள வடிவத்தை ஸ்கேல், காம்பஸ் மட்டும் கொண்டு வரையலாம் என 1796ல் காஸ் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 18. அதே வகையில் வரையக்கூடியதாக இன்றுவரை அறியப்பட்ட ஒற்றைப்படை வடிவங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்! வரைந்து பார்க்க முயல வேண்டாம்.

இதனுடன் 2 கூட்டினால் வரும் 4294967297ம் பகா எண் என்றே பெர்மா நம்பினார். அது 641 x 6700417 என 1732ல் ஆய்லர் காட்டினார். கால்குலேட்டர் இல்லாத காலம்!

சரி, வீடியோவிற்கு வருவோம். பென் டிரைவில் உள்ள பைல்களை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்து கொள்ளவும். பார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். பின்னர் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து, பார்மட் தேர்ந்தெடுத்து, பைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்பேட் கொடுத்து ஸ்டார்ட் அழுத்தவும். இனி 5 ஜிபி பைல் தடையின்றி ஏறும். பழைய டிவி சிலவற்றிற்கு எக்ஸ்பேட் படிக்கத் தெரியாது. அந்த டிவியில்தான் பார்க்க வேண்டும் என்றால், டிரைவை பேட்32 ஆகவே விட்டு, வீடியோவை எடிட்டிங் புரோகிராம் ஒன்றின் மூலம் இரண்டாகப் பிரித்துப் பதியவும்.