நிலக்கரிக்குள் என்ன இருக்கு?



காலாண்டுத் தேர்வில் 'நிலக்கரி என்பது கார்பன்' என்று மட்டும் எழுதி ஒரு மார்க் போச்சு. கறுப்பா இருக்கே, வேற என்ன இருக்கப்போகுதுன்னு நினைச்சேன். "கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை முதல்ல பிரிச்சுப் பாரு" என்றார் அறிவியல் டீச்சர்.

சாக்பீசின் அடிப்பக்கம் சுற்றிலும் கோடு போட்டு, தண்ணீரில் நிற்க வைத்தேன். கோடு தண்ணிக்குள்ளே மூழ்கி, மை கரைஞ்சு வீணாப் போச்சு. கோடு தண்ணி மட்டத்துக்கு மேலே இருக்கணும். இரண்டாம் தடவை தண்ணி ஏற ஏற, நீலம் ஒரு இடம், ரோஸ் ஒரு இடம்னு கறுப்பு பிரிஞ்சுது! தண்ணியோடு சேருகிற நிறம் மேலே ஓடும், சாக்பீசில் ஒட்டுகிற நிறம் பின்தங்கும். இதுதான் வண்ணப்பிரிகை முறை, அதாவது குரோமட்டோகிராபி. ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகயில் ஸ்வெட் இலையின் நிறங்களை இப்படிப் பிரித்து, 1906-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். அவரும் சுண்ணாம்புத் தூளைத்தான் குழாயில் அடைத்தார். (நம்ம சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்.)

நிலக்கரி தண்ணியில் கரையாது. அதனால் பொடியாக்கி, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வைப்பாங்க. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான் கீழே கொதித்து, ஆவியாகி, மேலே குளிர்ந்து பொடி மேல் சொட்டும். நிரம்பியதும் தானாகக் கீழே இறங்கி மறுபடி கொதிக்கும். காபி டிகாக்ஷன் இறக்குற மாதிரி, ஆனா பல மணி நேரம். பெரும்பகுதி கரி கரையாமலே கிடக்கும். கிடைக்கிறது கொஞ்சம் சாறுதான்.

அந்தச் சாற்றைச் சிலிக்கா ஜெல் அடைத்த குழாயில் விட்டு ஹெக்சேன் ஊற்றினால், ஆல்கேன்கள் முதலில் இறங்கும். அவற்றை வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் சூடாக்கி ஆவியாக்கி, ஹீலியம் வாயுவோடு மெல்லிய நீளக் குழாயில் அனுப்புவாங்க. சின்ன மூலக்கூறு சீக்கிரம் வெளியே வரும், பெரியது தாமதமா வரும். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கூம்பு விழும்.

எனக்குப் பிடிச்சதே இனிமேதான். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. இப்படி அதிகம் முதிராத கரியில் 27, 29, 31 என்று ஒற்றைப்படைக் கார்பன் உள்ள ஆல்கேன்கள் தூக்கலாக வருவதுண்டு. அவை நிலத்தில் வளர்ந்த செடிகளின் இலை மெழுகு! சேப்பங்கிழங்கு இலையில் தண்ணி ஒட்டாமல் உருளுதே, அதுக்கும் மேல்தோலில் உள்ள மெழுகுதான் காரணம். பூமிக்குள் சூடு ஏறி கரி முதிர முதிர, ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதை வைத்தே கரி எவ்வளவு முதிர்ந்ததுன்னு கணிக்கிறாங்க.

கரைப்பான் ஆவி உடம்புக்குக் கெடுதல், அதை யாரும் செய்து பார்க்காதீங்க. சாக்பீஸ் சோதனையை மட்டும் செய்யலாம். கோடு தண்ணிக்கு மேலே!

9-ஆம் வகுப்பு மாணவி