நீருக்கடியில் ஓர் இலக்கியக் களம்

கோடை விடுமுறையில் இங்கிலாந்து செல்லும் மாணவர்கள் நாடக அரங்குகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு மகிழ்வர். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்திற்கும் செல்வர். 1847-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வாங்கப்பட்ட அவ்வில்லம் இன்றும் காக்கப்படுகிறது.

தேனி மாவட்டத்தின் இலக்கியக் களம் ஒன்றோ நீருக்கடியில் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் முல்லையாறு வைகையோடு கலக்கிறது. அவ்வைகையின் குறுக்கே 1950-களில் அணை கட்டப்பட்டபோது சிற்றூர்கள் பல மூழ்கின. பாசனமும் குடிநீரும் பிறருக்குக் கிடைத்தன. வயலையும் வீட்டையும் இழந்து உழவர்கள் வெளியேறினர். அவர்தம் துயரைக் கூறும் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

அவ்வூர்களுக்கு அருங்காட்சியகமாக விளங்குவது அப்புதினமே. அதனைப் படித்துவிட்டு அணைக்கரையில் நிற்பவருக்கு, நீர்ப்பரப்பின் அடியில் தெருக்களும் திண்ணைகளும் புலப்படும்.