வேலை தெரிந்தவரே மாற்றத்திற்கு வழிகாட்டி
(தொழில் பகுப்பாய்வும் இணையவழிக் கல்வியும்)

டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் நமக்குச் சோறு போட்ட காலம் ஒன்று இருந்தது. ஊரில் லோயர், ஹையர் தேறிவிட்டு, டிரங்குப் பெட்டியுடன் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, கரோல் பாகில் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கி, மத்திய அரசு அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். வேலையில் அமர்ந்த பின்னும் அவர்கள் படிப்பை விடவில்லை. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது; அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கியது. ஆபீஸ் விட்டு வந்து, இரவில் பாடப் புத்தகத்தைப் பிரித்து, பட்டதாரியானவர்கள் நம்மில் பலர். ஆகவே வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நமக்குப் புதிதல்ல. அன்று தபாலில் வந்த பாடம் இன்று கைப்பேசியில் வருகிறது, அவ்வளவுதான்.

அப்படி வரும் பாடங்களில், 'பிசினஸ் அனலிஸ்ட் படிப்பு என்கிறார்களே, அது என்ன? என் பையன் படிக்கலாமா? நாற்பத்தைந்து வயதில் நானே படிக்கலாமா?' என்று பலரும் கேட்கும் ஒன்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

அது என்ன படிப்பு?

ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடைப்படுகிறது, உண்மையான தேவை என்ன, அதற்கு ஏற்ற தீர்வு எது என்று ஆராய்ந்து எழுதித் தருவதே தொழில் பகுப்பாய்வு. இத்துறைக்கென ஒரு பன்னாட்டுக் கழகம் 2003-இல் கனடாவின் டொரன்டோ நகரில் தொடங்கப்பட்டது. அதன் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. அந்நூல் ஆறு கருத்துகளை அடிப்படையாக வைக்கிறது: தேவை, மாற்றம், தீர்வு, பயன், சூழ்நிலை, சம்பந்தப்பட்ட மனிதர்கள். இந்த ஆறையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நமக்கெல்லாம் தெரிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

ரயில் டிக்கெட் சொல்லும் பாடம்

கோடை விடுமுறைக்கு ஊர் போக, விடியற்காலையில் எழுந்து புது டில்லி ரயில் நிலையத்தில் வரிசையில் நின்ற அனுபவம் மூத்த வாசகர்களுக்கு மறந்திருக்காது. அந்நாளில் ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டர் இருக்கும் ஜன்னலில்தான் அந்த ரயிலுக்கு இடம் கிடைக்கும். இந்த ரயிலில் இடமில்லை என்றால் அடுத்த ரயிலின் வரிசையில் போய் முதலிலிருந்து நிற்க வேண்டும். திரும்பி வருவதற்கோ, சென்னைக்குத் தந்தி கொடுத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

'வரிசை நீளமாக இருக்கிறது, இன்னும் நாலு ஜன்னல் திறக்கக் கூடாதா?' என்றுதான் எல்லோரும் கேட்போம். ஆனால் ஒரே ரிஜிஸ்டரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத முடியாதே! எத்தனை ஜன்னல் திறந்தாலும் அந்த ரயிலுக்கு வரிசை ஒன்றுதான். ஆக, உண்மையான தேவை கூடுதல் ஜன்னல் அல்ல. ஒரே ரிஜிஸ்டரைப் பலர் ஒரே சமயத்தில் பார்க்கவும் எழுதவும் ஒரு வழி. கேட்கப்படுவது வேறு, தேவைப்படுவது வேறு என்று பிரித்துக் காண்பதே பகுப்பாய்வின் முதற்படி.

அந்த வழி கணிப்பொறியாக வந்தது. 1985-86-இல் புது டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்ற நிலை வந்தது. டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. தந்தியின் தேவை ஒழிந்தது. 2002 ஆகஸ்டிலிருந்து இணையத்திலேயே டிக்கெட் வாங்க முடிந்தது.

ஆனால் கணிப்பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி., பெண்களுக்கான ஒதுக்கீடு, ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என எத்தனையோ விதிகளை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். விதி புத்தகத்தில் இருக்கும். அது நடைமுறையில் எப்படிப் பயன்படுகிறது என்பது ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருந்த குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

மனிதர் மாறாமல் நிறுவனம் மாறாது

இனி இரண்டாவது பாடம், நிறுவன மாற்றம். புது இயந்திரம் வாங்குவது எளிது. இருபது ஆண்டு பேனா பிடித்த கையைக் கீபோர்டுக்குப் பழக்குவது எளிதல்ல. கணிப்பொறி வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அக்காலத்தில் வங்கிகளில் பெரிதாக இருந்தது. அங்கே 1983-இல் நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் பேசி உடன்பாடு கண்டன. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் வங்கிகளில் கணிப்பொறியைப் புகுத்தும் வழிமுறைகளைப் பற்றி அறிக்கை தந்தது. பேச்சும் உடன்பாடும் இல்லாமல் வரும் மாற்றம் வேர் பிடிப்பதில்லை.

அமெரிக்கரான ஜெஃப் ஹயாட் இதை ஐந்து படிகளாக வகுத்தார்: மாற்றம் ஏன் என்று அறிதல், அதை விரும்புதல், முறையைக் கற்றல், கைப்பழக்கம் பெறுதல், பழைய வழிக்குத் திரும்பாமல் நிலைத்தல். பெரும்பாலான முதலாளிகள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதில் தொடங்குகிறார்கள். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் அன்பரின் அனுபவம்

எனக்குத் தெரிந்த ஓர் அன்பர், கரோல் பாகில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வந்தார். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. லாலாஜி புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். ஆனால் பில் போடும் நேரம் குறையவில்லை, கூடியது! வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள். 'கம்ப்யூட்டர் தெரிந்த சின்னப் பையனைப் போட வேண்டியதுதான்' என்று லாலாஜி சொன்னது இவர் காதில் விழுந்தது. மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பல நாள் இரவு தூங்கவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

மகள்தான் கைப்பேசியில் சில பாடங்களைத் தேடிக் கொடுத்தாள். இரண்டு வாரம் பார்த்த பிறகு, "அப்பா, நீங்க தினமும் செய்யறதைத்தானே இவங்க பாடமா நடத்தறாங்க!" என்றாளாம்.

அதில் சொன்னபடியே அவர் கடையில் நடப்பதைக் கவனித்து எழுதத் தொடங்கினார். கோளாறு எங்கே என்று புரிந்தது. ஒரே சாமானுக்குக் கம்பெனி எண் ஒன்று. கடையில் வழங்கும் பெயர் ஒன்று. மெக்கானிக் வந்து கேட்கும் பெயர் வேறொன்று. இப்போது வரிக்காக ஒரு குறியீட்டு எண். சாஃப்ட்வேருக்குத் தெரிந்ததோ கம்பெனி எண் மட்டும். கோடவுன் பையாவுடன் மூன்று வாரம் மாலையில் உட்கார்ந்து, எல்லாப் பெயர்களையும் ஒரு நோட்டில் ஒன்றாகத் திரட்டிக் கொடுத்தார். சாஃப்ட்வேர்காரர்கள் அதை ஏற்றியதும் பில் வேகமாயிற்று. கோடவுன் பையாவும், தன்னைக் கேட்டுச் செய்த காரியம் என்பதால், புது முறைக்கு முகம் சுளிக்கவில்லை. அன்பரின் வேலை நிலைத்தது. சம்பளம் பெரிதாக உயரவில்லை. ஆனால் எந்த மாற்றம் செய்வதானாலும் லாலாஜி இன்று முதலில் இவரைத்தான் கூப்பிடுகிறார்.

எங்கே, எப்படிப் படிப்பது?

முதலில் செலவில்லாத இடத்தில் தொடங்குங்கள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய 'என்பிடெல்', மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' ஆகியவற்றில் மேலாண்மைப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதினால் போதும்.

மேலே சொன்ன பன்னாட்டுக் கழகத்தின் சான்றிதழ்களில் தொடக்க நிலைத் தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. உயர்நிலைத் தேர்வுக்குப் பத்து ஆண்டுகளுக்குள் 7,500 மணி நேர அனுபவம் கேட்கிறார்கள். இதிலிருந்தே தெரியவில்லையா, இத்துறையில் அனுபவத்திற்கு எவ்வளவு மதிப்பு என்று? 'மூன்று மாதத்தில் வேலை நிச்சயம்' என்று பெரும் தொகை கேட்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டுமுன், முன்பு அங்கே படித்த இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள்.

வீட்டுப் பாடம்

1. உங்கள் அலுவலகத்திலோ கடையிலோ நடக்கும் ஒரு வேலையை, தொடக்கம் முதல் முடிவு வரை பத்து வரிகளில் எழுதுங்கள்.

2. அதில் காத்திருக்கும் இடம் எது, ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதும் இடம் எது என்று குறியுங்கள்.

3. அந்த வேலையில் சம்பந்தப்பட்ட மூவரிடம் 'உங்களுக்கு எது கஷ்டம்?' என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

4. அவர்கள் கேட்பது எது, அவர்களுக்கு உண்மையில் தேவை எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

பிள்ளைகள் இதைச் செய்யும்போது பெரியவர்களும் கூட உட்காரலாம். முறையை அவர்கள் பாடத்தில் கற்பார்கள். வேலையின் நெளிவு சுளிவு நமக்குத் தெரியும். இரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்தால், மாற்றம் எந்த உருவில் வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.