சண்பகம்: விதையும் மலரும்

சமவசரணத்தின் வனபூமியில் அசோகம், ஏழிலைப்பாலை, சண்பகம், மா என நால்வகை வனங்கள் கூறப்படுகின்றன. மாமரத்தை அறியாத குழந்தை இல்லை. "சண்பகம் எது?" என்று ஆர்.கே.பேட்டையில் நம் இல்லத்துச் சிறார்களை வினவினோம். ஒருவன் செம்பழுப்புச் சிறகுடைய பறவையைக் காட்டினான். ஒருத்தி ஈழத்தலரியைக் காட்டினாள். அப்பறவைக்கும் செண்பகம் என்னும் பெயர் உண்டாதலின் முன்னவன் முற்றும் தவறியவன் அல்லன். வடநாட்டில் ஈழத்தலரியையும் 'சம்பா' என்பர். காம்பை ஒடித்தால் பால் வடிவது ஈழத்தலரி. அதற்கு இதழ் ஐந்தே. சண்பகத்தில் பால் இல்லை. இலைக்கக்கத்தில் தனித்தனியே மலரும் பொன்னிறப் பூவில் இதழ்கள் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவை.

வாசுபூஜ்ய தீர்த்தங்கரரின் பஞ்ச கல்யாணமும் நிகழ்ந்த சம்பாபுரி இம்மரத்தாலேயே பெயர் பெற்றது என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. 1753இல் லின்னேயஸ் மைக்கேலியா சம்பகா எனப் பெயரிட்டார். இன்று மேக்னோலியா இனத்தில் சேர்த்துள்ளனர்.

மலரிலிருந்து அத்தர் எடுப்பர். மரம் தளவாடங்களுக்கு உதவும். அசாமில் இதன் இலையைப் பட்டுப்புழுவுக்கு இடுவதும் உண்டு. நமக்கோ பூசைக்கும் கூந்தலுக்கும் மலர் போதும். வெட்டாமலே பயன் தரும் மரம் இது.

இனி, நாம் செய்த பிழையைக் கூறவேண்டும். அவரை, கத்தரி விதைகளை வெயிலில் உலர்த்திச் சேமிக்குமாறு மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தோம். அவ்வாறே சண்பக விதையையும் உலர்த்தி, மூன்று ஆண்டுகள் விதைத்தோம், ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணைக் குறை கூறினோம், கிணற்று நீரைக் குறை கூறினோம். உண்மையில் ஈரம் வற்றினால் இவ்விதையின் உயிர் போய்விடும். காய் வெடித்ததும் பறவைகள் உண்ணுமுன் எடுத்து, விதையைச் சூழ்ந்த சிவந்த சதையைக் கழுவி நீக்கி, சில நாட்களுக்குள் நிழலில் ஈரமணலில் இடவேண்டும். முளை வரச் சில வாரங்கள் ஆகும். பொறுமை இழந்து கிளறலாகாது.

நான்காம் ஆண்டில் ஐந்து கன்றுகள் கிடைத்தன. மலைக்காட்டு மரமாதலின் நம் ஊர்க் கோடை இதற்குக் கடினம். விதைக்கன்று பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் செல்லக்கூடும்; ஒட்டுக்கன்று விரைவில் பூக்கும். எழுபது கடந்த நாம் விதைக்கன்றையே வளர்த்தோம் என்று வீட்டார் நகைத்தனர். முதல் சில கோடைகளில் தவறாது நீர் ஊற்ற ஆளுள்ள இல்லங்களுக்கு நான்கினைக் கொடுத்தோம். ஐந்தாவது கிணற்றடியில் நிற்கிறது; இவ்வாண்டு இடுப்பளவு உயர்ந்துள்ளது.