பல்லூடகக் கல்வியின் முதற்பாடம்

ஓர் உள்ளத்தில் எழுந்த கருத்தை மற்றோர் உள்ளத்திற் சிதையாது சேர்ப்பதே தொடர்பாடலின் பயனாகும். எழுத்து, படம், ஒலி, அசைவு என்னும் நான்கும் ஒன்றுகூடி அப்பணியைச் செய்யுமிடத்து அதனைப் பல்லூடகம் என்பர். இன்னார்க்கு, இன்ன பயன் கருதி, இன்ன முறையில் அவற்றை அமைத்தல் வேண்டும் என வகுப்பது தொடர்பாடல் வடிவமைப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளுக்கெனத் துறையொன்று உண்டு. பாடசாலைகளின் உயர்தர வகுப்பிலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. நம் மாணாக்கரும் இத்துறையை நாடும் இந்நாளில், பல்கலைக்கழகத்தில் அதன் முதற்பாடம் எங்கே தொடங்கல் வேண்டும் என்பதைத் தமிழாசிரியன் ஒருவனின் நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

இக்கல்வியைக் கணினியிலிருந்து தொடங்குவோர் பலர். எழுத்தைப் பெருக்குவது எவ்வாறு, படத்தை வெட்டுவது எவ்வாறு என்பன கற்கத்தக்கனவே. எனினும் இன்று கற்ற கருவி சில ஆண்டுகளில் மாறிவிடும். மாறாது நிற்பது வேறொன்று: வாசகர் முதலாவது, பொருள் இரண்டாவது, கருவி மூன்றாவது என்னும் வரிசையே அது. இதனை நம் ஊருக்கு நெருங்கிய ஒரு பயிற்சியினால் விளக்குவோம்.

பயிற்சிக்குரிய பொருள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடையே தேங்கும் நிலத்தடி நீரே நமக்கு உயிர். செம்மண் தோட்டங்களில் வாழைக்கும் வெங்காயத்திற்கும் இடும் பசளையும், மலக்குழிகளின் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன. குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மீறப்பட்டமை ஆய்வுகளாற் புலனாகியுள்ளது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுப்பின், குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கவும் கூடும்.

இச்செய்தியைத் தாய்மார்க்கு உணர்த்தும் துண்டுப்பிரசுரம் ஒன்றும், ஒரு நிமிட ஒலிபரப்பு ஒன்றும், சிறு காணொளி ஒன்றும் ஆக்குக என மாணாக்கரைப் பணிக்கலாம்.

வாசகரும் பொருளும்

மாணாக்கன் முதலில் கணினியைத் திறவாது, வாசகரைப் பற்றி எழுதுதல் வேண்டும். அவள் கைக்குழந்தையுடன் இருப்பவள். படிக்க நேரம் இல்லாதவள். வீட்டிற் பேத்தியார் சொல்லையும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லையும் நம்புபவள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாற் குற்றமில்லை என்பது அவள் நெடுங்காலம் கேட்ட அறிவுரை.

இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. கொதித்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். ஆகவே பொருளறியாத மாணாக்கன், கொதிக்கும் கேத்தில் ஒன்றை அழகாக வரைந்து பிரசுரத்தின் நடுவில் வைப்பானாயின், அவ்வழகே குழந்தைக்குத் தீங்காகும். படம் எத்துணை நன்றாயினும் பொருள் பிழைப்பின் முழுதும் பிழையே.

எழுத்து

அடுத்து வருவது எழுத்து. எழுதும் பொருளும் கருவியும் எழுத்தின் வடிவை மாற்றும் என்பதற்குத் தமிழே சான்று. ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும். ஆதலால் ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். எகர ஏகாரக் குறிகளை வேறுபடுத்தி இரட்டைச் சுழிக் கொம்பை வழங்கச் செய்தவர் வீரமாமுனிவர் (1680-1747) என்பர். ஒரு சிறு சுழி வாசகரின் ஐயத்தை எவ்வளவு நீக்கியது என்பதை மாணாக்கர் சிந்தித்தல் வேண்டும்.

1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். தமிழ் உரைநடையிற் குறியீடுகளை இட்டு, படிப்போர்க்குப் பொருள் தெளிவாகப் பதிப்பித்தார். சுண்டிக்குழியில் 1886இற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, 247 எழுத்துகளையும் தட்டச்சின் சில விசைகளுள் அடக்க முயன்று, சில குறிகளை அடிக்கும்போது தாளேந்தி நகராதிருக்குமாறு வகை செய்தார். இவர்கள் வடிவமைப்பாளர் என்ற பெயர் பெற்றிலர். எனினும் வாசகரை முன்வைத்துக் கருவியை வளைத்தவர்கள் இவர்களே.

இன்றைய மாணாக்கன் அறியவேண்டியதும் அதுவே. ‘கெ’ என்னும் எழுத்தைக் கணினி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகச் சேமிக்கிறது; திரையிற் காட்டும்போது கொம்பை முன்னே இடுகிறது. தமிழுக்கு அமையாத மென்பொருளில் அக்கொம்பு இடம் மாறி நின்று சொல்லைக் குலைக்கும். மேலும், ‘கி’, ‘மீ’ முதலியன மேலே எழுகின்றன. ‘சூ’, ‘ளு’ முதலியன கீழே இறங்குகின்றன. ஆதலால் ஆங்கிலத்திற்கு வகுத்த வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. ஆங்கிலச் சட்டகத்துள் நீண்ட தமிழ்ச் சொல்லைத் திணிக்க எழுத்தைச் சிறிதாக்கினால், முதியோர் கண்ணுக்கு அஃது எட்டாது. சட்டகத்தை மாற்றுக; எழுத்தை நெரிக்கற்க.

படமும் ஒலியும்

சொல் செய்யமாட்டாததைப் படம் செய்தல் வேண்டும். இரண்டும் ஒன்றையே கூறின் ஒன்று வீண். ‘கொதித்தாலும் நீங்காது’ என்பதைப் படம் மட்டும் உணர்த்தல் அரிது. கேத்திலின் மேல் குறுக்குக் கோடிட்டாலும், விரைந்து பார்ப்பவள் கேத்திலையே நினைவிற் கொள்வாள். ஆகவே அதனைச் சொல்லால் உணர்த்தி, நீரைப் போத்தலில் எடுத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பரிசோதனைக்கு வழி கேட்கும் செயலைப் படத்தாற் காட்டுக. 50 மில்லிகிராம் என்னும் எண் பரிசோதகர்க்குப் பயன்படும். தாய்க்கு வேண்டுவது செய்யத்தக்க செயல்.

ஒலிக்கு இயல்பு வேறு. படிப்பவர் மீண்டும் மேல்வரிக்குத் திரும்பலாம். கேட்பவர்க்கு அவ்வசதி இல்லை. 1925 முதல் வானொலியும் 1979 முதல் தொலைக்காட்சியும் கண்ட இலங்கையில், செய்தியைச் சுருக்கி இருமுறை கூறும் வழக்கம் இதனால் உண்டாயிற்று. பிரசுரத்தில் ‘கொதிக்க வைப்பினும் நீங்காது’ என எழுதுபவன், ஒலிபரப்பில் ‘கொதிக்க வைச்சாலும் போகாது பிள்ளை’ எனப் பேச்சுவழக்கிற் கூறுவதே பொருத்தம். செந்தமிழும் பேச்சுத்தமிழும் தத்தம் இடத்திற் சிறப்புடையன. காணொளியிலோ, திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடினும், எழுத்து அவ்வேகத்தில் ஓடலாகாது. மெல்லப் படிப்பவர் ஒருவர் வாய்விட்டு இருமுறை படித்து முடியும்வரை அது திரையில் நிற்றல் வேண்டும்.

சோதனை

ஆக்கம் முடிந்தபின் அதனை ஒரு தாயிடம் கொடுத்து, ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்பது பயனற்றது. முகம் பார்த்து நன்று என்றே கூறுவாள். ‘இதைப் பார்த்தபின் நாளைக்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டல் வேண்டும். ‘நன்றாகக் கொதிக்க வைப்பேன்’ என்று அவள் கூறின், பிழை ஆக்கியோன்பாலதே. ஆசிரியர் புள்ளி வழங்க இவ்விடையை முதல் அளவுகோலாகக் கொள்ளலாம். நிறமும் நேர்த்தியும் அதன்பின் வருக.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது மக்களைச் சேர்வது பெயர்ப்பலகையாலும் அறிவித்தலாலும் படிவத்தாலுமே. எழுத்துக் குலைந்த அறிவித்தல் ஒன்று தமிழ் வாசகரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இயந்திரமே மொழிபெயர்த்தும் படம் வரைந்தும் தரும் இக்காலத்தில், அதனைச் சரிபார்க்கும் கண் முன்னிலும் தேவையாகிறது. அக்கண்ணைத் தருவது மொழியறிவு.

மாணாக்கர்களே, கணினி கற்குமுன் உங்கள் வாசகரைக் கற்க. பழைய மாணவர்களே, அச்சகத்திலும் கணினித் துறையிலும் வைத்தியத் துறையிலும் உள்நாட்டிலும் பிறநாட்டிலும் தொழில் புரியும் நீங்கள், ஊர் வரும்போது ஒருநாள் வகுப்பறைக்கு வந்து உங்கள் தொழிலறிவை இவர்களுக்கு வழங்குக. நம் கிணற்றைப் பற்றிய ஒரு பிரசுரம் நம் பிள்ளைகள் கையாற் பிழையின்றி அமைந்து, ஊர்த் தாயொருத்தி அதனைப் படித்துத் தெளிவாளாயின், அதுவே இக்கல்வியின் பயன்.