சின்ன காஞ்சிபுரம் வாசகிக்கு



தெருவில் மருந்து தெளிக்கப் போகும் தங்கைக்கு, மறுபடி ஒரு கொள்ளைநோய் வந்தால் உடம்பு முழுக்க மூடும் வெள்ளை உடுப்பு வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது ஆஸ்பத்திரி வார்டுக்கு உரியது. சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வரதராஜப் பெருமாள் கோயில் வீதிகளைச் சுற்றினால் மயக்கம்தான் வரும்.

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உங்கள் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குத்தான் உறுதியானது. அப்போது எல்லோருக்கும் கிருமி பயம். தெளிப்பவர்களின் வாளியில் இருந்த பிளீச்சிங் கரைசலைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. உங்கள் தறியில் அறுந்த பட்டு இழை ஒன்றை பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டுப் பாருங்கள், நைந்து போகும். தோலும் பட்டைப் போலப் புரதம்தான்.

தெருவில் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. ஆனாலும் தெளிக்கச் சொன்னால் அவள் தெளித்துத்தானே ஆக வேண்டும்?

ஆகவே முதலில் கண்ணாடி, பக்கவாட்டிலும் மூடியதாக. அடுத்து முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை. மெல்லிய டாக்டர் கையுறை சீக்கிரம் கிழியும். தினமும் காலையில் அதற்குள் காற்றை அடைத்து, வாயை முறுக்கி, தண்ணீரில் அமுக்கிப் பார்க்கட்டும். குமிழி வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கையை உயர்த்தித் தெளிக்கும்போது கரைசல் மணிக்கட்டு வழியாக உள்ளே வழியும். கையுறையின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட்டால் அங்கேயே தேங்கும்.

பிளீச்சிங் பவுடரைக் கலக்கும் நேரம்தான் மோசமானது. 33 சதவீத குளோரின் உள்ள பவுடர் லிட்டருக்கு 30 கிராம் போட்டால் 1 சதவீதக் கரைசல்; அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று கலக்க வேண்டும். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், குளோரின் நெடியைத் தடுக்காது. கழிவறை ஆசிட் அந்த வாளிப் பக்கமே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் எழும் வாயு நுரையீரலை அரித்துவிடும்.

இதையெல்லாம் வாங்கித் தர வேண்டியவர்கள் அவளை வேலைக்கு வைத்தவர்கள். கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பூட்ஸும் வேண்டும்; ஆனால் அது பெரும்பாலும் ஆண்கள் அளவில்தான் வரும். பெரிய பூட்ஸ் ஈரத்தில் வழுக்கும். ஒரு தாளில் அவளை நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்து, மேஸ்திரியிடம் கொடுத்தனுப்புங்கள்.